வால் நுனியில் ஒரு நகம்: மரவாழ் ஊர்வனவற்றை வரையும் தொழில்

டிரெபனோசார்கள் டிரயாசிக் காலத்தில் வாழ்ந்த சிறு ஊர்வன. பெரும்பாலானவை மரத்தில் வாழ்ந்தவை. இன்று அவற்றுக்கு வாரிசு இல்லை. தலை பறவையினுடையதைப் போல் கூர்மையானது. தோளுக்கு மேல் திமில் உண்டு. சில இனங்களில் வாலின் கடைசி எலும்புகள் கொக்கியாக வளைந்து ஒரு நகமாகவே ஆகியிருந்தன. இத்தாலியின் பெர்கமோ பகுதியில் கிடைத்த டிரெபனோசாரசை ஜியோவானி பின்னா 1980-இல் விவரித்தார். ஃபிரியூலி பகுதியில் கிடைத்த மெகலான்கோசாரசும் அதே ஆண்டில் அறிமுகமானது. இரண்டும் ஏறத்தாழ 21 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. முன்னது அரை மீட்டர் நீளம். பின்னது அதில் பாதி.

இவற்றை வரையும் ஓவியர் எலும்பிலிருந்தே தொடங்குகிறார். பாறைப் பலகையில் அப்பளமாக நசுங்கிக் கிடக்கும் எலும்புகளைப் படியெடுத்து, ஒவ்வொன்றையும் அதன் மூட்டில் நிறுத்தி, நிற்கும் எலும்புக்கூட்டை முதலில் வரைய வேண்டும். தசை, தோல், நிறம் எல்லாம் அதற்குப் பிறகு. இல்லாத எலும்பு வரும்போதுதான் சிக்கல். பின்னா விவரித்த டிரெபனோசாரசுக்குத் தலையும் கழுத்தும் கிடையாது. படங்களில் அதன் உடலில் அமர்ந்திருக்கும் தலை, உறவினங்களைப் பார்த்துப் பொருத்தியது. இது குற்றமல்ல, வேறு வழியில்லை. ஆனால் படத்தைப் பார்ப்பவருக்கு அதைச் சொல்வோர் குறைவு.

முன்கையும் நீண்ட காலம் குழப்பியது. நான்கு கால் விலங்குகளின் முன்கையில் இரண்டு எலும்புகள் இணையாக ஓடுவது வழக்கம். டிரெபனோசாரசில் அதில் ஒன்று பிறைபோல் விரிந்து விலகிக் கிடந்தது. பாறையில் நசுங்கியதால் வந்த கோளாறோ என்று ஐயுற இடமிருந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நசுங்காத கைகள் கிடைத்து, 2016-இல் ஆடம் பிரிட்சார்டும் குழுவினரும் ஆய்வை வெளியிட்டபோது, கையின் உண்மையான அமைப்பே அதுதான் என்று உறுதியானது. இரண்டாம் விரலில் இருந்த மிகப் பெரிய நகத்தை மாட்டி, பின்னோக்கி இழுத்துக் கிழிக்கும் கை அது. தென்னமெரிக்காவின் சிறு எறும்புண்ணி ஒன்று இப்படித்தான் கூடுகளைப் பிளக்கிறது. அந்த ஒப்புமையை அப்படியே எடுத்துக்கொண்டு மரத்தில் எறும்புகளை வரைபவர் தவறிவிடுகிறார். டிரயாசிக்கில் எறும்பும் இல்லை, கறையானும் இல்லை. பட்டைக்கடியில் வண்டுப் புழுவை வரையலாம். பூக்கும் மரத்துக்கும் இடமில்லை. ஆலமரத்தில் டிரெபனோசாரை ஏற்றினால் படம் அங்கேயே கெட்டது. ஊசியிலை மரமும் பெரணியும்தான் பொருத்தம்.

நியூ ஜெர்சியின் ஏரிப் படிவுகளில் கிடைத்த ஹைப்யூரோனெக்டர் என்ற டிரெபனோசாரின் கதை இன்னும் தீவிரமானது. இலைபோல் அகன்ற அதன் வாலைக் கண்டு நீந்தும் விலங்காகக் கொண்டார்கள். படமும் அப்படியே வந்தது. பிறகு அதன் கால்களும் உறவினங்களும் மரத்தையே சுட்டுவதாகச் சில்வியோ ரெனெஸ்டோ போன்ற ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். எலும்பு மாறவில்லை, விலங்கு தண்ணீரிலிருந்து கிளைக்கு ஏறிவிட்டது.

மும்பையில் இத்தொழிலுக்கு வருபவருக்கு உள்ளூர்ப் பாறை உதவாது. நகரம் நிற்பது எரிமலைப் பாறைமேல். வொர்லிக் குன்றில் 19-ஆம் நூற்றாண்டில் கிடைத்த சிறு தவளைப் புதைபடிவங்கள் ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுக்கு முந்தையவை, டிரயாசிக்குக்கு வெகு பின்னால். அக்கால ஊர்வனவற்றுக்குக் கோதாவரிப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். அங்கே கிடைத்த மலேரிசாரசைச் சங்கர் சாட்டர்ஜி விவரித்ததும் 1980-இல்தான். இரண்டு மலேரிசாரஸ்கள், முதலை போன்ற ஊர்வனவான இரண்டு பாராசூக்கஸ்களின் வயிற்றுக்குள் கிடந்தன. ஓவியருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. எலும்பு மாறாமலே படம் மாறுவதால், மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் வாங்குபவர் அச்சான ஆண்டைப் பார்த்துவிட்டுப் படத்தை நம்புவது நல்லது.

உயிருள்ள மாதிரிக்கு நகரில் குறைவில்லை. தாராவியை ஒட்டி, குப்பைமேடாக இருந்த நிலத்தில் உருவாகி 1994-இல் திறக்கப்பட்ட மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா அதற்கு ஏற்ற இடம். அடிமரத்தில் ஏறும் ஓணான் வயிற்றை எப்படி ஒட்டுகிறது, நகம் பட்டையில் எந்தக் கோணத்தில் ஊன்றுகிறது என்பதைக் குறிப்பேட்டில் பிடிக்கலாம். ஆனால் ஓணானின் வால் எதையும் பற்றாது. மெகலான்கோசாரசின் கையில் இரண்டு விரல்கள் மற்ற மூன்றுக்கு எதிராக நிற்கும். வாலுக்கும் கைக்கும் பச்சோந்தியையே பார்க்க வேண்டும்.

தோல்தான் கடைசிச் சிக்கல். 1970-இல் ஷாரோவ் விவரித்த கிர்கிஸ்தானின் லாங்கிஸ்குவாமா என்ற ஊர்வனவின் நீண்ட தகடுகளைச் சிலர் முதுகில் ஒரே வரிசையாக வரைந்தார்கள். சிலர் இருபுறமும் விரித்துச் சறுக்குச் சிறகாக்கினார்கள். பிரான்சின் அல்சாஸில் கிடைத்து ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகம் சேர்ந்த மிராசோரா 2025-இல் விவரிக்கப்பட்டது. 24.7 கோடி ஆண்டு பழமையான இந்த டிரெபனோசார் உறவினத்தின் முதுகில் ஒற்றை வரிசைக் கொண்டை இருந்தது. இறகை ஒத்த தோற்றம், இறகின் கிளைப்பு இல்லை. நிறமித் துகள்களின் வடிவமோ இறகிலுள்ளவற்றை ஒத்தது. லாங்கிஸ்குவாமாவை அந்த ஆய்வு இதற்கு நெருங்கிய உறவாக வைக்கிறது. சறுக்குச் சிறகுப் படங்களுக்கு இனி ஆதாரம் மிகக் குறைவு.

தமிழில் இத்தகைய நூல்களை வெளியிடுவோர் ஒவ்வொரு படத்தின் அடியிலும் எது எலும்பிலிருந்து வந்தது, எது ஓவியரின் ஊகம் என்று ஒரு வரி அச்சிட வேண்டும். ஓவியர் அந்த வரியைக் கொடுக்க எப்போதும் தயாராகவே இருப்பார், கேட்பவர்தான் இல்லை.