செம்பு வளையம்

அப்பாவின் அம்பாசடர் நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. நின்ற இடமெல்லாம் ஒரு கறுப்புப் பொட்டு வைத்துவிட்டுத்தான் அது நகரும். 1950-களின் பிற்பகுதியில் உத்தரபாராவில் பிறக்கத் தொடங்கி, 2014-இல் உற்பத்தி நின்றுபோன குலம் அது. எங்கள் வண்டி 1984-ஆம் ஆண்டில் பிறந்தது. வயதால் எனக்கு அண்ணன்.

சென்ற கோடை விடுமுறையில் ஹைதராபாத் வீட்டுக்குப் போயிருந்தேன். திண்மப் பொருள்களின் இயற்பியலைப் பாடமாகப் படிப்பவன் ஓர் எண்ணெய்க் கசிவுக்கு அஞ்சலாமா? எஞ்சினை மண்ணெண்ணெயால் துடைத்து, முகப்பவுடரைத் தூவி, ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். வெண்மையில் ஈரம் முதலில் தெரிந்த இடம், எஞ்சினிலிருந்து வடிகட்டிக்கு எண்ணெய் கொண்டு செல்லும் குழாயின் இணைப்பு. நீண்ட ஸ்பானரை மாட்டி, இருந்த பலத்தையெல்லாம் காட்டி அந்தப் போல்ட்டை முறுக்கினேன். கசிவு நின்றது. அப்பா அண்டை வீட்டாரிடமெல்லாம் என் புகழைப் பாடினார்.

நான்காம் நாள், பாட்டியின் கண் அறுவைக்காக அம்மா சென்னைக்குப் புறப்பட்டாள். நாம்பள்ளி ரயில் நிலையம் போகும் வழியில், லக்டிகாபூல் அருகே, எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா அந்தக் கணமே எஞ்சினை நிறுத்தினார். இன்னும் சிறிது தூரம் ஓட்டியிருந்தால் பேரிங்குகள் உருகி எஞ்சினே பாழாகியிருக்கும். அம்மா ஓர் ஆட்டோவில் ஏறி ஓடி, ரயில் நகரும் தறுவாயில் பிடித்தாளாம்.

"பழைய வண்டி, பாவம், அது என்ன செய்யும்?" என்றார் அப்பா. நான் வாய் திறக்கவில்லை.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றோம். எழுபது வயது மெக்கானிக் குனிந்து பார்த்தார். போல்ட்டைக் கழற்றி, அதன் இருபுறமும் இருக்கும் செம்பு வாஷர்களில் ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நசுங்கிய வளையத்தில் முடிபோல் ஒரு விரிசல்.

"இதை இப்படி முறுக்கிய பயில்வான் யார்?" என்று உருதுவில் கேட்டார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதேனும் காரணம் சொல்லியிருப்பேன்.

"நான்தான், சாச்சா" என்றேன்.

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் இன்றைக்கும் நீயே மாட்டு. இவர் சொல்கிறபடி மாட்டு" என்றார்.

கிழவர் ஒரு தகர டப்பாவிலிருந்து விரிசலில்லாத பழைய வாஷர்கள் இரண்டை எடுத்தார். இடுக்கியில் பிடித்து, தீயில் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி, தண்ணீரில் போட்டார். "இரும்பாக இருந்தால் இறுகும். இது செம்பு, இளகும்" என்றார்.

எனக்கு முகம் சுட்டது. நசுக்க நசுக்கச் செம்பு கடினமாகும். அதன் படிகங்களில் குறைகள் பின்னிச் சிக்கிக்கொள்ளும். காய்ச்சினால் புதிய படிகங்கள் தோன்றி மீண்டும் மென்மையடையும். இதைத் தேர்வில் இரண்டு பக்கம் எழுதியவன் நான்! இறுகிய வளையம் இடுக்கை நிரப்பாது, மென்மையானதுதான் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அமர்ந்து எண்ணெயைத் தடுக்கும் என்பது மட்டும் ஸ்பானரைப் பிடித்தபோது நினைவுக்கு வரவில்லை.

போல்ட்டை முதலில் விரலாலேயே திருகச் சொன்னார். பிறகு சிறிய ஸ்பானர். அதையும் அதன் நடுவில் பிடிக்கச் சொன்னார். "போதும்" என்று அவர் சொன்னபோது, எனக்கு அது போதாது போலத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை அப்பாவும் நானும் வண்டியை நகர்த்திவிட்டுத் தரையைப் பார்த்தோம். பொட்டு இல்லை. அன்று மாலை அம்மாவுக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். பாட்டியின் கண் நன்றாக இருக்கிறதென்று சொல்லிவிட்டு, அவள் சிரித்தாள்.

நண்பர்களே, விரிசல் விட்ட அந்த வளையம் இன்று என் விடுதி மேசைமீது இருக்கிறது.