தறி நின்றால் பேச்சும் நிற்கும்

முதல் நாள், காலை 6 மணி

காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். பட்டு நெசவு பற்றிய ஆவணப்படத்துக்கு ஒலிப்பதிவு செய்ய வந்தவள், வேனிலிருந்து இறங்கியதும் குறிப்பேட்டில் கணக்கு எழுதுகிறாள். ஷாட்கன் மைக் ஒன்று, காலர் மைக் இரண்டு, தனி ரெக்கார்டர், காதை மூடும் ஹெட்போன், பூம் கம்பு, பேட்டரி எட்டு.

தெரு நீளத்துக்குப் பாவு விரித்திருக்கிறார்கள். சோதனைக்காக, கேமராவோடு வந்த மைக்கிலேயே ஒரு நிமிடம் பதிவானது. கேட்டுப் பார்த்தால் பால்காரரின் பைக், கோயில் ஒலிபெருக்கி, லென்ஸைத் திருகிய விரலின் உரசல் எல்லாம் இருந்தன. மூன்று மீட்டர் தள்ளி நின்று பேசியவர்தான் எங்கோ கிணற்றடியில் இருந்தார். அவர் பேச்சை நிறுத்திய இடங்களில் ‘உஸ்’ என்று இரைச்சல் வேறு. அமைதி வந்தால் ஆட்டோ கெயின் தானாக ஏறிக்கொள்ளும். அந்த அமைதியையும் சத்தமாக்கிவிடும்.

ஷாட்கன் மைக்குக்கு ரோம உறையை மாட்டினாள். லேசான காற்றுகூட மைக்கில் மோதினால் இடி போல விழும். ஸ்பாஞ்ச் உறை அதற்குப் போதாது. இந்த ரோம உறைக்குத் தொழிலில் ‘டெட் கேட்’ என்று பெயர். செத்த பூனை என்று அர்த்தம் சொன்னதும் தெருப் பிள்ளைகள் வரிசையில் வந்து தடவிப் பார்த்தார்கள்.

முதல் நாள், 11 மணி

நெசவாளர் வீடு. தாழ்ந்த கான்கிரீட் கூரை, வெறும் சுவர். வெளியே நன்றாக உழைத்த ஷாட்கன் இங்கே குடத்துக்குள் பேசுவதுபோல ஒலித்தது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை அதனால் சரியாக ஒதுக்க முடிவதில்லை. தரையில் பாய், சுவரோரம் இரண்டு போர்வை. கொஞ்சம் தேவலை.

மின்விசிறி நின்றது. ஃபிரிட்ஜையும் அணைத்து, வேன் சாவியை அதற்குள் வைத்தாள்.

“ஏம்மா, சாவிய எதுக்கு உள்ள வைக்கிற?” என்றார் வீட்டுக்கார அம்மா.

“சாவி இல்லாம வண்டி கிளம்பாது இல்லீங்களா? திரும்ப ஆன் பண்ண மறக்க மாட்டேன்.”

காலர் மைக்கைச் செருகினால் சத்தமே இல்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் பிளக்கைப் பார்த்தாள். மூன்று கறுப்பு வளையம், போனுக்கானது. ரெக்கார்டருக்கு வேண்டியது இரண்டு வளையம். வளையத்தை எண்ணாமல் கிளம்பியது அவள் தப்பு.

மாற்று மைக்கை நெசவாளர் ஐயாவின் பனியனில், மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்தினாள். தோள் துண்டு அதில் உரசிக்கொண்டே இருந்தது. துண்டை எடுக்கச் சொன்னால் சட்டையைக் கழற்றச் சொன்னதுபோலக் கூச்சப்பட்டார். கடைசியில் துண்டு மறு தோளுக்குப் போனது.

இரண்டாம் நாள்

தறியை நிறுத்திப் பேட்டி. குரல் சுத்தமாக வந்தது, பேச்சுதான் வரவில்லை. எதைக் கேட்டாலும் “ஆமாம்மா”, “அப்படித்தாம்மா”. அரை மணி நேரம் போன பிறகு அவரே சொன்னார்: “தறி ஓடுனாத்தாம்மா வாய் ஓடும்.”

சரி, ஓடட்டும் என்றாள். காலர் மைக் முதல் டிராக்கில், குரலுக்கு. ஷாட்கன் இரண்டாவது டிராக்கில், தறிக்கு. குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொடுமாறு வைத்தாள். அச்சுப் பலகை அடிக்கும்போது முள் எகிறும், அதற்கு இடம் வேண்டும். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினாள். தறியில் வெட்டவில்லை, அதன் கனம் அங்கேதான் இருக்கிறது. கேமராவும் ரெக்கார்டரும் தனித்தனி என்பதால் முதலில் ஒரு கைதட்டு. எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் இணைக்க அது போதும்.

மைக் பாதி தூரம் நெருங்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். கேமரா எட்டி நிற்கலாம். மைக் எட்டி நிற்க முடியாது. 1960இல் பாரிசில் ழான் ரூஷும் எட்கார் மோரனும் எடுத்த படத்தில் மார்சலின் லோரிதான் என்ற பெண், நாக்ரா ரெக்கார்டரைச் சுமந்துகொண்டு, நாஜி முகாமையும் தன் தந்தையையும் நினைத்துத் தனக்குள் பேசியபடி நடப்பார். கேமரா விலகிப் போகப் போக உருவம் புள்ளியாகிவிடும். குரல் நம் காதை விட்டு நகராது. ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951இல் நாக்ராவை உருவாக்கியிராவிட்டால் அந்த நடை அப்படிப் பதிவாகியிருக்காது.

இங்கே நாடா ஓட ஓட ஐயா பேசினார். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா; ஒரு பக்கக் கரையைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். சிறுவயதில் அந்த இடத்தில் உட்கார்ந்தது, தூங்கி விழுந்தது, அப்பா பலகையைத் தட்டி எழுப்பியது. சொல்லி முடித்துத் தானும் ஒருமுறை பலகையைத் தட்டிக் காட்டினார். முள் சிவப்புக்குப் போய்த் திரும்பியது.

மூன்றாம் நாள், மாலை

ரூம் டோன். வெட்டி ஒட்டும் இடங்களை நிரப்ப, யாரும் பேசாத வீட்டின் ஒலி ஒரு நிமிடம் வேண்டும். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். ஐயாவின் கை மட்டும் காற்றில் நூல் தேடியது.

முடிந்ததும் வீட்டுக்கார அம்மா ஹெட்போனைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது.

“பக்கத்து வூட்டுத் தறி இவ்ளோ நல்லாவா கேக்குது? நம்மளது ஓடுறப்போ தெரியவே இல்லையே!”

அவள் குறிப்பேட்டில் எழுதினாள்: ‘ரூம் டோன், 60 விநாடி. சுவருக்கு அப்பால் ஒரு தறி, தொடர்ச்சியாக.’ பிறகு ஃபிரிட்ஜைப் போட்டுவிட்டு, சில்லென்ற சாவியை எடுத்துக்கொண்டாள்.