மேலிருந்து பார்ப்பவர்கள்

'சூப்பர்' என்று பாராட்டுகிறோம். 'ஓவர்' என்று கண்டிக்கிறோம். நம் பேச்சு வழக்கில் எதிரெதிராக நிற்கும் இவ்விரு சொற்களும் உண்மையில் உடன்பிறப்புகள். ஆங்கிலத்தின் 'ஓவர்', இலத்தீனின் 'சூப்பர்', கிரேக்கத்தின் 'ஹைப்பர்' ஆகிய மூன்றும் இந்தோ-ஐரோப்பிய மூலவேர் ஒன்றிலிருந்து கிளைத்தவை. வடமொழி 'உபரி'யும் அவ்வேரினதே. மிச்சத்தைக் குறிக்க அதை நாமும் எடுத்தாள்கிறோம்.

இம்முன்னொட்டுகள் மேன்மையையும் மிகையையும் ஒருசேரச் சுமப்பவை. உயரம் எந்த இடத்தில் குற்றமாகிறது என்பதை அவை சொல்வதில்லை. அளவுகோலைக் கையில் வைத்திருப்பவரே அதைத் தீர்மானிக்கிறார்.

'பார்த்தல்' என்னும் வினையோடு இவை சேரும்போது விளைவதைக் காண்போம். ஆங்கில வேர்களால் ஆன 'ஓவர்சீ', இலத்தீன் வழிவந்த 'சூப்பர்வைஸ்', பிரெஞ்சு வழியே வந்த 'சர்வே' மூன்றும் சொல்லளவில் 'மேலிருந்து பார்' என்பனவே. பிரெஞ்சின் 'சர்' என்பதும் இலத்தீன் 'சூப்பர்' தேய்ந்த வடிவம்தான். 1793-இல், பிரெஞ்சுப் புரட்சியின்போது, ஐயத்துக்குரியோரைக் கண்காணிக்க அமைந்த குழுக்களின் பெயரில் இடம்பெற்ற 'சர்வெய்லன்ஸ்' என்ற சொல்லிலும் இம்முன்னொட்டே நிற்கிறது.

வியப்பு இனிமேல்தான். 'ஓவர்சைட்' என்றால் மேற்பார்வை; அதே சொல்லுக்குக் கவனப்பிசகு என்றும் பொருள். 'ஓவர்லுக்' என்பது உயரத்திலிருந்து நோக்குவதையும் காணாது விடுவதையும் ஒருங்கே குறிக்கும். தமிழும் இதற்கு விலக்கன்று. 'மேற்பார்வை' என்பதில் பொறுப்பைச் சுட்டும் 'மேல்', 'மேலோட்டம்' என்பதில் ஆழமின்மையைச் சுட்டுகிறது. உயரத்தில் நிற்பவனுக்குப் பரப்பு தெரியும், முகங்கள் தெரியா.

கல்லூரி ஆசிரியர்களாகிய நமக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தேர்வுக்கூடத்தில் வரிசைகளுக்கிடையே நடக்கிறோம். எழுதுவதை நிறுத்திவிட்டுச் சன்னலை வெறிக்கும் மாணவி, நம் மேற்பார்வையில் முறைகேடு எதுவும் செய்யாதவள், அவ்வளவே. அவள் ஏன் நிறுத்தினாள் என்று அறிய, குனிந்து அருகில் செல்ல வேண்டும்.

மாணவர் ஆய்வேடுகளில் நாம் கையொப்பமிடும் இடத்தில் ஆங்கிலம் 'சூப்பர்வைசர்' என்கிறது. தமிழ் 'நெறியாளர்' என்கிறது. ஒன்று மேலே நிறுத்துகிறது. மற்றொன்று வழியில் உடன் நடக்கச் சொல்கிறது. ஒரே கையொப்பம்தான். எந்தச் சொல்லுக்கு உரியவராய் அதை இடுகிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் நாமே தேர்ந்தாக வேண்டியிருக்கிறது.