கோதம் நகரம் ஏன் திருந்தவே இல்லை?

1939-ல் வந்த பேட்மேன் இத்தனை வருடமாக ராத்திரி ராத்திரியாகத் திருடர்களை உதைக்கிறார். கோதம் நகரம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஊர் திருந்திவிட்டால் காமிக்ஸ் விற்காது என்பது வேறு விஷயம்! கதைக்குள்ளேயே ஒரு காரணம் உண்டு.

1987-ல் ஃபிராங்க் மில்லர் எழுதிய 'பேட்மேன்: இயர் ஒன்' கதையைப் பாருங்கள். போலீஸ் கமிஷனர் லோப், தாதா ஃபால்கோனின் ஆள். லஞ்சம் வாங்க மறுக்கும் கார்டனை அடித்துப் போடுகிறவர்கள் யார் தெரியுமா? கூட வேலை பார்க்கும் போலீஸ்காரர்களே!

பேட்மேன் பிடித்துத்தான் கொடுக்க முடியும். வழக்கு நடத்த, தண்டனை தர, வெளியே விடாமல் வைத்திருக்க நேர்மையான ஆட்கள் வேண்டாமா? ஆர்க்கமிலிருந்து ஜோக்கர் எத்தனை தடவை தப்பித்துவிட்டான்! அடி வாங்கிவிட்டு மறுநாளும் டியூட்டிக்கு வருகிற கார்டன்கள் நூறு பேர் இருந்திருந்தால், பேட்மேன் வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.