மாத இலக்குகளும் அத்தாவின் பாதமும்

இன்னைக்கு மாசத்தோட முதல் நாள்.

உங்களில் பலர் டைரியைத் திறந்து இந்த மாதத்துக்கான இலக்குகளை எழுதிக்கொண்டிருப்பீர்கள். காலையில் சீக்கிரம் எழுவது, தொழுகையை விடாமல் இருப்பது, பிள்ளைகளோடு நேரம் செலவழிப்பது, வீட்டை ஒழுங்காக வைப்பது என்று.

நானும் எழுதுவேன். ஆறு வருஷமா எழுதிட்டு வரேன். அந்தப் பழக்கத்தில் நான் எங்கே தவறினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் இருந்தால் கடைசி வரை படியுங்கள்.

நான் ஆம்பூர்க்காரன். அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர். எங்கள் ஊரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிரியாணி உங்களுக்குத் தெரியும். அந்தப் பிரியாணியைச் சாப்பிடும் மக்களின் பாதிப் பிழைப்பு தோலிலும் ஷூவிலும்தான். விடிவதற்குள் கம்பெனி பஸ் பிடிக்க ரோட்டோரம் டிபன் பாக்ஸோடு நிற்கும் பெண்களைப் பார்த்தாலே ஊர் புரிந்துவிடும்.

அந்தப் பெண்கள்தான் என் ஓபியில் சுகர், பிரஷர் மாத்திரை வாங்க மாதாமாதம் வருகிறவர்கள். அவர்களிடம் எப்போதும் ஒன்றே ஒன்றுதான் சொல்லுவேன்.

"அக்கா, இந்த மாசம் டீயில சர்க்கரையை மட்டும் நிறுத்துங்க. மத்ததெல்லாம் அடுத்த மாசம் பேசிக்கலாம்."

பத்து அறிவுரை சொன்னால் பத்தும் மருத்துவமனை வாசலிலேயே நின்றுவிடும். ஒன்று சொன்னால் வீடு வரைக்கும் போகும். இது அனுபவத்தில் கற்ற பாடம்.

ஆனால் எனக்கு நானே எழுதிக்கொண்டது பன்னிரண்டு!

ஃபஜ்ர் தொழுகை பள்ளிவாசலில், ஜமாஅத்தோடு. தினம் குர்ஆன் இரண்டு பக்கம். வெள்ளிக்கிழமை தவறாமல் தர்மம். அத்தா அம்மாவோடு பத்து நிமிடம். மகளுக்கு வீட்டுப்பாடம். மனைவிக்குச் சமையலறையில் ஒரு வேலை. சாப்பிடும்போது போன் கிடையாது. அரை மணி நேர நடை. இப்படியே போகும். மெடிக்கல் ரெப் கொடுத்த டைரியில் கட்டம் போட்டு, ராத்திரி படுக்கும் முன் டிக் அடிப்பேன்.

போன ஜனவரி மாதம்தான் என் ஆறு வருஷ டைரியிலேயே மிகச் சிறந்த மாதம். ஃபஜ்ர் மட்டும் 26 டிக். எனக்கே பெருமை தாங்கவில்லை. மனைவியிடம் டைரியை நீட்டிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அந்த மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது படிக்கும் என் மகள் வந்து, "அப்பா, தாதா ரூம்ல ஏதோ நாத்தம் வருது. தாதா கால்ல துணி கட்டி வெச்சிருக்காரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாரு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். அத்தா காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "ஒண்ணும் இல்லப்பா, ஆணி. கார்ன் கேப் வாங்கி ஒட்டினேன். சரியாப் போயிடும்."

துணியை அவிழ்த்தேன்.

வலது பெருவிரலுக்குக் கீழே, பாதத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். சுற்றிலும் கருத்த தடித்த தோல். உள்ளே சீழ். ஓபியில் இப்படி எத்தனையோ பாதங்களைப் பார்த்து, "ஏன்மா இவ்வளவு நாள் விட்டீங்க? வீட்ல யாரும் பாக்கலையா?" என்று சத்தம் போட்டிருக்கிறேன்.

அந்தக் கேள்வியை அன்றைக்கு யாரிடம் கேட்பது?

அத்தாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை நோய். அதற்கு முன் முப்பது வருஷத்துக்கும் மேலாக டேனரி வேலை. பச்சைத்தோலைத் தூக்கி, டிரம்மில் போட்டு, நனைந்த தரையில் நின்றே என்னை டாக்டராக்கிய கால் அது.

2021ல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தபோது, வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் எங்கள் தெருவுக்கும் வந்தார். "எங்க வீட்டுக்கு வேணாம்மா, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பி வைத்தவன் நான்தான். டாக்டர் வீடாச்சே! பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாதாமாதம் சுகர் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் அத்தாவுக்குச் சுகர் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்குப் பார்த்தபோது மூன்று மாதச் சராசரி 10க்கு மேல்.

இன்னொன்றும் உறைத்தது. அத்தா அந்த மாதம் ஃபஜ்ருக்குப் பள்ளிவாசலுக்கே வரவில்லை. சின்ன வயதிலிருந்து அவருடைய இடது பக்கத்தில் நின்று தொழுது பழகியவன் நான். தொழுகை முடியும்போது வலது பக்கமும் இடது பக்கமும் முகத்தைத் திருப்பி ஸலாம் கொடுக்கிறோம் இல்லையா? மூன்று வாரமாக வலது பக்கம் திரும்பியபோதெல்லாம் அங்கே அத்தா இல்லை. பனிக்காலம், குளிருக்காக வீட்டிலேயே தொழுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாளும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து டிக் மட்டும் அடித்தேன்.

"அத்தா அம்மாவோடு பத்து நிமிடம்" என்ற கட்டத்திலும் டிக் இருந்தது. உண்மையில் அந்தப் பத்து நிமிடமும் அவர் செய்தி பார்ப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்ப்பேன்.

வேலூருக்கு அழைத்துப் போய் அட்மிட் செய்தோம். எலும்பு வரை கிருமி போயிருந்தது. பெருவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கால் தப்பியது. இறைவனுக்கே நன்றி.

வார்டில் ஒரு ராத்திரி கேட்டேன். "ஏன் அத்தா சொல்லல?"

"வலிக்கல. வலிச்சிருந்தா சொல்லியிருப்பேன். நீயும் நைட் டூட்டி முடிச்சுட்டு அலுத்துப்போய் வர. ஆணிக்குப் போய் உன்னைத் தொந்தரவு பண்ணணுமா?"

வலிக்கல என்று அவர் சொன்னதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

வேலூருக்கும் வலிக்கும் ஒரு பெரிய வரலாறு உண்டு. டாக்டர் பால் பிராண்ட் 1946ல் வேலூர் சிஎம்சிக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்று உலகமே நம்பிய காலம் அது. அவர் நோயாளிகளைக் கூடவே இருந்து கவனித்தார். விரல்கள் தானாக அழுகவில்லை. நோய் நரம்பைக் கெடுத்துவிடுகிறது. வலி தெரிவதில்லை. சூடான பாத்திரத்தைத் தூக்குகிறார்கள், முள் குத்திய காலோடு நடக்கிறார்கள். இரவில் எலி கடித்தால்கூடத் தெரியாமல் தூங்கிய நோயாளிகள் இருந்தார்கள். அவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். வேலூர் பக்கத்திலேயே கரிகிரியில் தொழுநோய்க்கென்று 1950களில் தொடங்கிய மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. வலி தெரியாதவர் தன் கையையும் காலையும் தினமும் கண்ணால் பார்த்தே காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர்கள் சொல்லிக்கொடுத்த வைத்தியம்.

நாள்பட்ட சர்க்கரை நோயிலும் இதேதான் நடக்கிறது. நரம்பு மரத்துப்போகிறது. புண் வலிக்காது. வலிக்காததால் நோயாளிக்குத் தெரியாது. யாராவது பார்த்தால்தான் உண்டு.

இதை நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான், மரத்துப்போனது அத்தாவின் பாதம் மட்டுமில்லை என்று புரிந்தது. என் டைரியும் அப்படித்தான். டிக் விழுந்துகொண்டே இருந்ததால் வீட்டில் எங்கே உறுத்துகிறது என்று எனக்குத் தெரியவே இல்லை. பன்னிரண்டு இலக்கும் நான் என்ன செய்தேன் என்பதைப் பற்றித்தான். யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் கட்டம் ஒன்றுகூட இல்லை.

இலக்கு எழுதுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. சிறிய செயலாக இருந்தாலும் விடாமல் செய்வதே இறைவனுக்குப் பிடித்தது என்றுதான் எங்கள் மார்க்கமும் சொல்கிறது. நான் இன்றும் எழுதுகிறேன். முறையை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

இப்போது மூன்றே இலக்கு. இறைவனுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. குடும்பத்துக்கும் வீட்டுக்குமான இலக்கை நான் எழுதுவதில்லை. மாதத்தின் முதல் நாள் சாப்பிட உட்காரும்போது எல்லாரிடமும் கேட்பேன். அவர்கள் சொல்வதில் ஒன்றை எடுத்துக்கொள்வேன்.

முதல் தடவை கேட்டபோது மனைவி சிரித்தாள். பிறகு, "மிக்ஸி ப்ளக் போடுற இடத்துல நாலு மாசமா பொறி பறக்குது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க" என்றாள். நான்கு மாதமாக "மனைவிக்கு உதவி" என்று நான் டிக் அடித்துக்கொண்டிருந்த அதே சமையலறை.

மகள், "நான் பேசும்போது நீங்க 'ம்'னு மட்டும் சொல்றீங்க. மூஞ்சியைப் பாக்கறதே இல்ல" என்றாள்.

அம்மா, "பேரணாம்பட்டுல என் தங்கச்சியைப் பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். பஸ்ஸில் போனால்கூடப் பக்கத்து ஊர்தான்.

அத்தா எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்ல மாட்டார் என்று இப்போது எனக்குத் தெரியும். அதனால் அவரைக் கேட்பதில்லை, பார்க்கிறோம். தினமும் இஷா தொழுகைக்குப் பிறகு என் மகள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்த் தாதாவின் இரண்டு பாதத்தையும் பார்த்துவிட்டு வந்து எனக்கு ரிப்போர்ட் கொடுக்கிறாள். ஞாயிறு மட்டும் நான் பார்ப்பேன்.

உங்கள் வீட்டுக்கும் இதைச் செய்யுங்கள்:

✅ சர்க்கரை நோயாளியின் பாதத்தைத் தினமும் யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். அடிப்பாதம், விரல் இடுக்கு, குதிகால் மூன்றையும்.

✅ ஒளு செய்த பிறகு விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை வரும், தோல் வெடிக்கும்.

✅ வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும். போடும் முன் உள்ளே கல், ஆணி இருக்கிறதா என்று உதறிப் பார்க்க வேண்டும். எம்சிஆர் செருப்பு என்று கேட்டால் கிடைக்கும்.

❌ கார்ன் கேப் ஒட்டாதீர்கள். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். பிளேடால் நீங்களே சீவாதீர்கள். வெந்நீரில் கால் வைக்காதீர்கள். சூடு அவர்களுக்குத் தெரியாது.

✅ சின்னப் புண், கொப்புளம், நிறமாற்றம் எதுவானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். வலிக்கவில்லை என்பது நல்ல செய்தி அல்ல.

அத்தா இப்போது பள்ளிவாசலுக்கு வருகிறார். நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார். "இப்படித் தொழுதா ஏத்துக்குவானாப்பா?" என்று முதல் நாள் கேட்டார். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம் என்பது எனக்குச் சின்ன வயதில் அவரே சொல்லிக்கொடுத்ததுதான். அதைத்தான் திருப்பிச் சொன்னேன்.

போன மாதம் என் ஃபஜ்ர் கணக்கு 17தான். டூட்டியால் சில நாள், தூக்கத்தால் சில நாள். வருத்தம்தான், இந்த மாதம் கூட்ட வேண்டும். ஆனால் அந்த 17 நாளும் ஸலாம் கொடுக்கும்போது வலது பக்கம் பார்த்தேன். அத்தா இருந்தார்.

நீங்கள் இன்றைக்கு எழுதியிருக்கும் பட்டியலை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அப்புறம் அதை மூடி வைத்துவிட்டு, வீட்டில் அதிகம் பேசாதவர் யாரோ அவர் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள். போனை இந்தப் பக்கமே வைத்துவிட்டுப் போங்கள்.

ஆம்பூரிலிருந்து ஓர் அரசு மருத்துவர்