தானாக விழுந்தவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

இயற்பியல் படிக்கும் மாணவன் நான். பொருள்கள் ஏன் விழுகின்றன என்று கேட்டால் இரண்டு பக்கத்திற்குக் குறையாமல் எழுதுவேன். ‘ஃப்ரீ ஃபால்’ எனக்குத் தெரியும். ஆனால் ‘ஸெல்ஃப் ஃபால்’ என்றொரு வீழ்ச்சியும் உண்டு என்பதைச் சென்ற ஐப்பசி மாதத்தில்தான் அறிந்தேன். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், என் அம்மாவின் பெயருக்கு நேரே அந்த இரண்டு சொற்கள் எழுதப்பட்டிருந்தன. தானாக விழுந்தார் என்று பொருள்.

என் அம்மா பூக்கட்டி விற்பவள். விடியற்காலை நாலரை மணிக்கெல்லாம் பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவாள். பெரிய சாலையின் ஓரமாகச் சாக்கடை ஓடுகிறது. அதன்மேல் வரிசையாகப் போட்டிருக்கும் சிமெண்ட் சிலாப்புகள்தாம் எங்கள் ஊருக்கு நடைபாதை. அதில் ஒரு சிலாப்பு உடைந்து, கம்பி வெளியே நீட்டிக்கொண்டு பல மாதங்களாகக் கிடந்தது. முதல்நாள் இரவு நல்ல மழை. பள்ளம் தெரியாதபடி தண்ணீர் தேங்கியிருந்தது. தெருவிளக்கு எரியவில்லை. பூப்பையோடு திரும்பி வந்த அம்மாவின் கால் அந்தப் பள்ளத்திற்குள் போய்விட்டது. விழும்போது வலது கையை ஊன்றியிருக்கிறாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

செய்தி கேட்டு நான் ஓடிப்போய் நின்றபோது அவள் கையைப் பற்றிப் பேசவே இல்லை. “எண்ணூறு ரூபாய்ப் பூடா தம்பி... சாக்கடையில போச்சு” என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “எப்படி விழுந்தீங்க?” என்று கேட்டார். “தடுக்கி விழுந்துட்டேன் சாமி” என்றாள் அம்மா. அவர் எழுதிக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். சொன்னதைத்தானே எழுதினார்? எங்கே விழுந்தாள், எதனால் விழுந்தாள் என்று அவளும் சொல்லவில்லை; பக்கத்தில் நின்ற, கல்லூரியில் படிக்கிற நானும் சொல்லவில்லை.

ஆறு வாரம் மாவுக்கட்டு. பூக்கட்டுவதைக் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? இடது கை பூவை இணைத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். வலது கை விரல்கள் நாரை வளைத்து முடிச்சிடும். பேசிக்கொண்டே, சில்லறை எண்ணிக்கொண்டே, பார்க்காமலே கட்டுவாள் அம்மா. அந்தக் கை இப்போது கழுத்திலிருந்து ஒரு துணியில் தொங்கியது. கார்த்திகை முகூர்த்தங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. பக்கத்து வீட்டு அக்கா வந்து அம்மாவுக்குத் தலை பின்னிவிடுவார். பூக்காரியின் தலையில் ஒரு மாதமாகப் பூ இல்லை.

“இதைச் சும்மா விடக்கூடாது. நஷ்டஈடு கேட்கலாம்” என்றேன் ஒருநாள்.

அப்பா மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவர். “கேசுன்னு போனா செருப்புதான்டா தேயும்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அம்மாவோ என்னை விநோதமாகப் பார்த்தாள். “விழுந்தது நான்தான? ரோடா வந்து என்னைத் தள்ளுச்சு?”

இதற்கு எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் கோர்ட்டுப் படி ஏறியவர் எவருமில்லை. காலேஜ் படி ஏறியவனும் நான்தான் முதல்.

முதலில் நகராட்சி அலுவலகத்திற்குப் போனேன். “அது ஹைவேஸ் ரோடு தம்பி” என்றார்கள். நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்திற்குப் போனேன். “ரோடுதான் எங்களுது, சாக்கடை நகராட்சியோடது” என்றார்கள். இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே நாலு கிலோமீட்டர். வகுப்பை விட்டுவிட்டு மூன்று தடவை சைக்கிள் மிதித்தேன். பிறகு நம் கல்லூரி நூலகத்தில் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் படித்தேன். பத்து ரூபாய்க் கோர்ட்டு வில்லை ஒட்டி, ஒரே தாளில் இரண்டு கேள்விகள் எழுதி அனுப்பினேன்: அந்தச் சிலாப்பு யாருடைய பொறுப்பு? கடைசியாக எப்போது பழுது பார்த்தீர்கள்? மனு தவறான அலுவலகத்திற்குப் போயிருந்தாலும் ஐந்து நாட்களுக்குள் உரிய இடத்திற்கு அவர்களே அனுப்பிவிட வேண்டும். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். இருபத்தேழாம் நாள் பதில் வந்தது. சாலை நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது. வடிகாலும் அதன் மூடிகளும் நகராட்சியைச் சேர்ந்தவை. இரண்டாம் கேள்விக்கு, ‘பதிவேடு இல்லை’ என்றிருந்தது. மூன்று தடவை சைக்கிள் மிதித்துக் கிடைக்காத பதில் பத்து ரூபாய்க்குக் கிடைத்தது!

அந்த இடத்திற்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கும் மாமாதான் அன்று அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தவர். “இதோட நாலாவது ஆள்” என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. அம்மா விழுந்த அன்றே ஒரு கொம்பை அந்தப் பள்ளத்தில் சொருகிச் சிவப்புத் துணி கட்டியவரும் அவரே. சாட்சி சொல்வீர்களா என்று கேட்டேன். நெடுநேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். “நான் வாயைத் திறந்தா மொதல்ல என் பெஞ்சைத்தான் தூக்கிட்டுப் போவாங்க தம்பி” என்றார். அவருடைய பெஞ்சும் அடுப்பும் நடைபாதையின் மேல்தான் இருக்கின்றன. அவரை எப்படிக் குறை சொல்வது?

கோர்ட்டு வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருப்பதை என் வகுப்புத் தோழி ஒருத்திதான் சொன்னாள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் நடுவயதுள்ள ஒரு வக்கீலம்மா. நான் கொண்டுபோன காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

“ஸெல்ஃப் ஃபால்னு எழுதிட்டாங்களே... எதிர்த்தரப்பு இதைத்தான் முதல்ல நீட்டுவாங்க. இனிமே யார் விழுந்தாலும், எந்த இடம், எதனாலங்கிறதைச் சொல்லி எழுத வைக்கணும் தம்பி.”

அன்று காலையே என் செல்போனில் எடுத்த படங்கள் நான்கு இருந்தன. அவை தேதியும் நேரமும் காட்டின. அதைப் பார்த்த பிறகுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் சொன்னவற்றை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். டெல்லி சாந்தினி சௌக்கில் பழைய மணிக்கூண்டு ஒன்று இடிந்து விழுந்து ஆட்கள் இறந்துபோன வழக்கில், 1966-ல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியையே பொறுப்பாக்கியது. பழுது இருந்தது எங்களுக்குத் தெரியாது என்ற வாதம் அங்கே செல்லவில்லை. 1980-ல் மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகராட்சி, சாக்கடையைச் சீர்செய்யப் பணம் இல்லை என்றது. பணமில்லை என்று சொல்லிக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்றார் நீதிபதி கிருஷ்ணய்யர். அந்த வழக்குக்கு அடிப்படையான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் வந்துள்ள புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவாக இருக்கிறது. அதன்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் பள்ளத்தை மூட உத்தரவிடலாம். ஆனால் அம்மாவின் கைக்கு அதில் காசு வராது. காசு வேண்டுமென்றால் சிவில் வழக்குத்தான். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில், நல்ல நடைபாதை கிடைப்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியதையும் சொன்னார். உடைந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்து அந்த மருத்துவருக்கே அலுத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“பம்பாய் ஹைகோர்ட்டு 2025 அக்டோபர்ல, சாலைப் பள்ளத்தால காயம்பட்டவங்களுக்கு ஐம்பதாயிரத்துல இருந்து ரெண்டரை லட்சம் வரைக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கு. ஆனா அது அந்த மாநிலத்துக்கு. நாம எடுத்துக் காட்டலாம், அவ்வளவுதான். வருஷக்கணக்குல இழுக்கும். ஜெயிப்போம்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அரசாங்கத்து மேல வழக்குப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் நோட்டீஸ் கொடுக்கணும். ரெண்டு ஆபீசுக்கும் கொடுத்துடலாம். வழக்குப் போடக் கெடு உண்டுன்னு மனசுல வெச்சுக்கோ” என்றார்.

நோட்டீசுக்குக் கணக்கு வேண்டுமாம். அன்றிரவு அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். என் கல்லூரி வாழ்க்கையில் இதைவிடக் கடினமான கணக்கை நான் போட்டதில்லை. ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய் என்று எழுதினேன். “அடிச்சிடு” என்றாள். “வெள்ளிக்கிழமையும் முகூர்த்தமும் நானூறு நிக்கும். மழை நாள்ல நூறு கூட நிக்காது. இருநூத்தம்பதுன்னு போடு. பொய் சொல்லி வாங்குற காசு தங்காது.” நாற்பத்தைந்து நாட்களுக்குப் பதினோராயிரத்து இருநூற்றைம்பது. சாக்கடையில் போன பூ எண்ணூறு. ஆட்டோவுக்கு முந்நூற்றறுபது. மொத்தம் பன்னிரண்டாயிரத்து நானூற்றுப் பத்து. இதில் சேராதவை பல. வட்டிக்கு வாங்கிய இரண்டாயிரத்தைப் பற்றி எழுதவே கூடாது என்றாள். அப்பாவுக்கு அது தெரியாது.

“வலிக்கு எவ்வளவு போடலாம்?” என்று மறுநாள் வக்கீலம்மா கேட்டபோது அம்மா சிரித்தேவிட்டாள். “வலிக்கெல்லாமா காசு கேக்குறது?” சட்டத்தில் அதற்கும் இடமுண்டாம். வலி, வேதனை, இனிமேல் கை பழையபடி வராமல் போனால் அது எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரம் என்று வக்கீலம்மா எழுதினார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. திருட வந்த இடத்தில் பிடிபட்டவள்போல உட்கார்ந்திருந்தாள்.

விண்ணப்பத்திலும் வக்காலத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். கை கட்டில் இருப்பதைப் பார்த்த குமாஸ்தா, மைப்பெட்டியை அம்மாவின் இடது கைப் பக்கம் நகர்த்தினார். “கைநாட்டு வைம்மா, போதும்.”

அம்மா பெருவிரலை மடக்கிக்கொண்டாள். நான் ஆறாவது படிக்கும்போது, மகளிர் குழுவில் சேருவதற்காக, என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி எழுதித் தன் பெயரைக் கற்றுக்கொண்டவள் அவள். “கை சரியாகட்டும் தாயீ, நானே வந்து போடுறேன்” என்றாள் வக்கீலம்மாவிடம். எனக்கு எரிச்சலாக இருந்தது. கெடு ஓடிக்கொண்டிருக்கிறதே! வக்கீலம்மா மட்டும், “வரட்டும்பா, காலம் இருக்கு” என்றார்.

மார்கழியில் கட்டுப் பிரித்தார்கள். தை பிறந்த பிறகு ஒருநாள் என்னை அழைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டாள். எழுத்துகள் மேட்டுப் பாதையில் ஏறுவதுபோல ஏறிப் போயின. அதற்கே இரண்டு நிமிடம் ஆயிற்று. நோட்டீஸ் இரண்டும் விரைவுத் தபாலில் போயின.

பதினோராம் நாள் கல்லூரியிலிருந்து திரும்பும்போது பார்க்கிறேன், அந்த இடத்தில் புத்தம் புதிய சிலாப்பு! டீக்கடை மாமாவின் கொம்பு ஓரமாகக் கிடந்தது. எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. சாட்சியத்தையே மூடிவிட்டார்களே என்று வக்கீலம்மாவிடம் ஓடினேன். “படம் இருக்கு, பதிலும் இருக்கு. போய்ப் படி” என்று அனுப்பிவிட்டார்.

அன்று மாலை அம்மாவும் அதைப் பார்க்க வந்தாள். காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். “இதைப் போட எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று டீக்கடை மாமாவிடம் கேட்டாள்.

“டிராக்டர்ல கொண்டாந்தாங்க. அரை மணி நேரம் ஆகியிருக்கும்.”

அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, சம்பங்கியைக் கூடையில் கொட்டி, மெதுவாகக் கட்டத் தொடங்கினாள். இப்போதெல்லாம் ஒரு முழம் கட்ட முன்பைவிட இருமடங்கு நேரமாகிறது. பாதி கட்டிய சரத்தை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“தம்பி, அந்த ஆஸ்பத்திரிச் சீட்டுல நான் தானா விழுந்தேன்னு எழுதியிருக்குன்னு சொன்னியே... அதை மாத்த முடியுமா?”

பதிவேட்டில் எழுதியதைத் திருத்த மாட்டார்களாம். ஆனால் விழுந்த இடத்தையும் காரணத்தையும் சொல்லி ஒரு மனுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களாம். மறுநாள் அதையும் எழுதினேன். இது மாசி மாதம். நோட்டீசுக்குப் பங்குனி வரை தவணை இருக்கிறது. எந்த அலுவலகத்திலிருந்தும் இன்னும் பதில் வரவில்லை.