சென்னை மாகாணத்தின் பெயரில் ஒரு படை

போர் வரலாறு படிப்பவர்களுக்கு எண்களின் மீது ஒரு மயக்கம் உண்டு. எத்தனை விமானங்கள், எத்தனை டன் குண்டுகள் என்று குறித்துக்கொண்டே போவோம். அத்தகைய பட்டியல் ஒன்றில் நம் நாட்டுப் பெயர் வந்து நின்றபோது, என்னால் அதைக் கடந்து போக முடியவில்லை.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அரச விமானப்படையின் 35ஆம் ஸ்குவாட்ரனுக்குச் 'சென்னை மாகாணம்' என்னும் அடைமொழி உண்டு. போர் நிதிக்கு இம்மாகாணம் அளித்த நன்கொடையின் நினைவாக இட்ட பெயர் அது. நான்கு எஞ்சின் பூட்டிய ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தை, 1940 நவம்பரில் முதன்முதலில் பெற்ற படையும் அதுவே. 1942 ஆகஸ்டில் அது 'பாத்ஃபைண்டர்' அணியில் சேர்ந்தது. இருளில் முன்னே பறந்து, வண்ண ஒளிக்குண்டுகளை இட்டு, பின்னால் வருவோருக்கு இலக்கைக் காட்டுவது அவ்வணியின் வேலை.

அதே 1942 ஏப்ரல் 6ஆம் நாள், மாகாணத்தின் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னைப் பட்டணம் பாதி காலியாயிற்று. விளக்குக்குக் கறுப்புத் தாள் சுற்றிய கதையை என் பாட்டி பலமுறை சொல்லியிருக்கிறார். நம் பெயர் தாங்கிய விமானங்கள் அப்போது ஐரோப்பிய வானில் பறந்துகொண்டிருந்தன!

அந்த வானம் வெறும் வானமன்று. ஜெர்மானியர் அதைக் கட்டங்களாகப் பிரித்துக் காத்தனர். ஒவ்வொரு கட்டத்திலும் ராடார். தரையிலிருந்து வழிநடத்தப்படும் இரவுப் போர் விமானம் ஒன்று. நகரங்களைச் சுற்றித் தேடொளி விளக்குகளும், 88 மில்லிமீட்டர் பீரங்கிகளும். ஒரு கட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு விமானத்தைத்தான் விரட்ட முடியும் என்பதே அதன் குறை. ஆகவே, தனித்தனியே பறந்த பிரிட்டிஷார், 1942 மே 30 இரவு ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களை ஒரே வெள்ளமாகக் கொலோன் நகரின் மீது செலுத்தினர். காவல் திணறியது.

அடுத்து வந்தது 'விண்டோ'. அலுமினியத் தகடு ஒட்டிய காகிதக் கீற்றுகள், அவ்வளவுதான். எங்கள் இயற்பியல் துறை நண்பர் அதை ஒரே வரியில் விளக்கினார்: "அலைநீளத்தில் பாதி நீளம் இருந்தால் போதும் சார், ஒரு கட்டுக் கீற்றுகள் விமானம்போல எதிரொலிக்கும்." வூர்ட்ஸ்பர்க் ராடாரின் அலைநீளம் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர், கீற்றின் நீளம் 27. இருதரப்பும் இத்தந்திரத்தை அறிந்திருந்தன. நாம் தொடங்கினால் எதிரியும் தொடங்குவான் என்றஞ்சி இருதரப்பும் அதைப் பூட்டி வைத்திருந்தன. 1943 ஜூலை 24 இரவு ஹாம்பர்க் மீது பிரிட்டன் அதை அவிழ்த்து விட்டது. சென்ற 791 விமானங்களில் 12 மட்டுமே திரும்பவில்லை.

ஆனால் எந்தத் தந்திரத்துக்கும் ஆயுள் குறைவு. ஜெர்மானியர் புதிய ராடார்களைப் பூட்டினர். கீழிருந்தே மேல்நோக்கிச் சுடும் துப்பாக்கிகளையும் அமைத்தனர். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பர்க் சென்ற 795 விமானங்களில் 95 வீழ்ந்தன.

மாணவ நண்பர்களே, ஒரு சிறு கணக்குப் போடுவோம். விமானி ஒருவர் 30 முறை பறந்தால் ஒரு பணிச்சுற்று முடியும். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு நான்கு விமானங்கள் வீழ்வதாகக் கொண்டால், முப்பதாவது முறைக்குப்பின் நூறு பேரில் எஞ்சுவோர் முப்பது பேர்கூட இல்லை. உண்மைக் கணக்கும் கொடியதே: பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் மாண்டோர் 55,573. பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். கீழே பீரங்கியருகே நின்றவர் யார்? 1943 பிப்ரவரி முதல், 1926லும் 1927லும் பிறந்த பள்ளிச் சிறுவர்களை ஜெர்மனி அங்கே நிறுத்தியது. மேலேயும் உங்கள் வயது. கீழேயும் உங்கள் வயது.

இவ்விரு வயதினருக்கும் நடுவே ஒரு நகரம் எரிந்தது. ஜூலை 27 இரவு ஹாம்பர்க்கில் தீ புயலாக மாறியது. அந்தச் சில நாட்களில் 34,000க்குக் குறையாதோர் மாண்டனர். வழிகாட்டிச் சென்ற படைகளுள் 35ஆம் ஸ்குவாட்ரனும் ஒன்று.

இட்லரின் ஆட்சி வீழவேண்டியதே. அதில் எனக்கு ஐயமில்லை. ஹாம்பர்க்கின் பிணங்களை அகற்ற இழுத்து வரப்பட்டவர்கள் நொயன்காமெ வதைமுகாமின் கைதிகள். அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியவர்களை எளிதாகக் குறை கூற நான் யார்? ஆயினும் நம் புறநானூற்றில் நெட்டிமையார் பாடிய அறப்போர் நெறி நினைவுக்கு வருகிறது. அம்பு எய்யுமுன், பசுக்களும் பெண்டிரும் பிணியுற்றோரும் பிறரும் அரண் தேடிக்கொள்க என்று அறிவிப்பானாம் பாண்டியன். இருபதாயிரம் அடி உயரத்திலிருந்து விழும் குண்டு யாருக்கு அறிவிக்கும்? யாரைப் பிரித்தறியும்?

நம் மாகாணத்தில் அந்த நிதிக்குப் பணம் தந்தவர்களில் எத்தனை பேர் மனமுவந்து தந்தனரோ, எத்தனை பேர் தந்துவிட்டு மறந்தனரோ! ஆனால் கொடுத்த காசு மறக்கவில்லை. அது சிறகு முளைத்துக் கடல் கடந்து, ஒரு கொடுங்கோலனையும் சுட்டது; தொட்டிலில் உறங்கிய குழந்தையையும் சுட்டது. போர் என்பது எங்கோ, யாரோ நடத்துவது என்று இனி நம்மால் சொல்ல இயலுமா?